‘மறந்துடு’ என்றார்கள்... நான் படித்தேன்!

இட்லிக்கு ஊறப் போட்டதைக் கிரைண்டரில் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால் அந்த முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கு! குழந்தை ஸ்கூலுக்குப் போயிருப்பாள். அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கிரைண்டர் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதைவிட நல்ல வாசகசாலை உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்!

இப்படிப் படித்தே இந்த ஆறு மாதத்தில் ஐந்து புத்தகங்களை முடித்துவிட்டேன். சிலது விஞ்ஞானக் கற்பனைக் கதை, சிலது சரித்திரம். “ஒண்ணு நடக்காத கதை, இன்னொண்ணு நடந்து முடிஞ்ச கதை. ரெண்டாலயும் உனக்கு என்ன பிரயோஜனம்?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கும் முதலில் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு முதல் பிரசவம். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தான். பேர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “மறந்துடும்மா. வயசு இருக்கு. அடுத்தது பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும்.” அடுத்தது பிறந்தாள். சந்தோஷம்தான். ஆனால் மறக்கவில்லை. மறக்காதது ஏதோ குற்றம் என்று நினைத்து யாரிடமும் சொன்னதுமில்லை.

அந்த மனசோடுதான் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் படி ஏறினேன். கல்யாணத்துக்கு முன் பி.ஏ. சரித்திரம் படித்தவள் நான். பத்து வருஷமாகப் பால் கணக்குத் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் படித்ததில்லை!

ஜீனோ இட்லி சாப்பிடுமா?

முதலில் எடுத்தது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை, டெலிவிஷனிலும் வந்தது. அவர் அன்று எதிர்காலம் என்று எண்ணி எழுதிய 2021-ஐ நாம் தாண்டியே வந்துவிட்டோம்! ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. ஜனங்களுக்கு இரண்டே எழுத்தில்தான் பேர். குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைத்த சமயத்தில் அவள் கணவன் சிபி காணாமல் போகிறான். நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. சாதாரண நாயல்ல, புத்தகம் படிக்கும், யோசிக்கும், வாய்த்துடுக்கும் கொஞ்சம் உண்டு.

என் அபிப்பிராயம்: விறுவிறுப்பு என்றால் அப்படி ஒரு விறுவிறுப்பு. ஒருநாள் மாவு பொங்கி வழிந்து தரையெல்லாம் அபிஷேகம் ஆனது இந்தக் கதையால்தான்! ராத்திரி என் பெண்ணுக்கு ஜீனோ கதையைச் சொன்னேன். “அம்மா, ஜீனோ இட்லி சாப்பிடுமா?” என்று இன்றைக்கும் கேட்கிறாள். ஒரே ஒரு குறை. நாய்க்குட்டிக்குக் கொடுத்த புத்தியில் பாதியை ஆசிரியர் நிலாவுக்குக் கொடுத்திருக்கலாம். அவளை யார் யாரோ ஆட்டி வைக்கிறார்கள், அவளும் ஆடுகிறாள்.

ஆனால் அந்த ‘அனுமதி’ என்ற வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. குழந்தை வேண்டும் என்ற ஆசை ஒரு பெண்ணின் மனசுக்குள் பிறப்பது. அதை எங்கேயோ ஒரு அலுவலகத்தில் முத்திரை குத்தித் தருகிறார்கள் என்றால்? கதைதானே என்று விட முடியவில்லை. நம் வீடுகளில் “எப்போ விசேஷம்?” என்று ஊரே கேட்கிறதே, அதுவும் பாதி அனுமதிச் சீட்டு மாதிரிதானே!

சென்னைப் பத்திரிகையில் ஒரு கனவு

இரண்டாவது, ‘சுல்தானாவின் கனவு’. சின்னஞ்சிறு கதை. ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். எழுதியவர் பேகம் ரொக்கையா. 1880-ல், இன்றைய வங்காள தேசத்தில் உள்ள ரங்கப்பூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பெண்கள் வெளியே தலை காட்டாத குடும்பம். கணவர் டெபுடி மாஜிஸ்திரேட். அவர் வேலையாக வெளியூர் போயிருந்த சமயத்தில், பொழுது போகாமல் ஆங்கிலத்தில் எழுதிய கதையாம் இது.

இது வெளியான இடம் எது தெரியுமா? நம்ம சென்னை! கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி 1901-ல் சென்னையில் ‘தி இந்தியன் லேடீஸ் மாகஸின்’ என்று பெண்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில்தான் 1905-ல் இந்தக் கதை அச்சானது. ஒரு பெண்கள் பத்திரிகையில், நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு விஞ்ஞானக் கதை! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கதையில் சுல்தானா கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள. அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. சமையல், குழந்தை பார்த்துக்கொள்வது எல்லாம் ஆண்கள் பொறுப்பு. சமையலறையில் புகை கிடையாது, கரி கிடையாது. சூரிய வெப்பத்தைப் பிடித்து வைத்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்கிறார்கள். பறக்கும் வண்டி உண்டு. கொசுத் தொல்லை கிடையாது, கொள்ளை நோய் கிடையாது. இள வயதுச் சாவு என்பதே அபூர்வம். இருபத்தொரு வயதுக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடாது என்பது அந்த நாட்டு ராணியின் கட்டளை.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதை வந்தது 1905. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயதாவது ஆக வேண்டும் என்று சாரதா சட்டம் வந்தது 1929-ல். அது 18 ஆனது 1978-ல். 2021-ல் அதை 21 ஆக்க ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ரொக்கையாவின் கற்பனையைச் சட்டம் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை!

என் அபிப்பிராயம்: சிரிக்கச் சிரிக்கப் படிக்கலாம். அந்த நாட்டில் பெண்கள் இரண்டே மணி நேரம் வேலை செய்கிறார்களாம். ஆண்களைப் போலச் சுருட்டுப் பிடித்துப் பொழுதைக் கழிக்காததால் அதுவே போதுமாம்! வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். “சரி, நாளைலேர்ந்து நான் கிரைண்டர் பக்கத்தில உக்காந்துக்கறேன், நீ ஆபீஸ் போ” என்றார். ஆண்களைப் பூட்டி வைப்பது எனக்கும் சம்மதமில்லைதான். நேற்று நமக்குச் செய்ததை இன்று அவர்களுக்குச் செய்தால் பூட்டு மாறுமே தவிர, கதவு திறக்காது. ஆனால் ரொக்கையா சொல்ல வந்தது பூட்டைப் பற்றி அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. “இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு அபத்தம்! அப்படியென்றால் இப்போது நடப்பது மட்டும் என்ன?” என்பதுதான் கேள்வி.

முன்னுரையில் அவர் வாழ்க்கையைப் படித்தபோதுதான் கை நடுங்கியது. ரொக்கையாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டுமே சில மாதங்களில் இறந்துவிட்டன. இள வயதுச் சாவே அபூர்வமான ஒரு நாடு... அந்தக் கனவு எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கணவர் 1909-ல் காலமானார். 1911-ல் கல்கத்தாவில் எட்டுப் பெண் குழந்தைகளோடு அவர் பேரிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தார் ரொக்கையா. அது இன்றும் இருக்கிறது.

பேர் இல்லாத குழந்தை

மூன்றாவது புத்தகத்தை நான் பயந்து பயந்துதான் எடுத்தேன். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பூதக் கதை என்று நினைத்திருந்தேன். எழுதியவர் மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்; எழுத ஆரம்பித்தபோது வயது 18!

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மூடியதால் 1816-ல் ஐரோப்பாவில் கோடை காலமே வரவில்லை. ஒரே மழை, குளிர். ஜெனிவா ஏரிக்கரையில் தங்கியிருந்த நண்பர்கள் வெளியே போக முடியாமல், ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதலாம் என்று பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயத்தில் பிறந்த கதை 1818-ல் எழுதியவர் பேர் போடாமலே புத்தகமானது. அந்த ஏரிக்கரையில் மேரியோடு ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. இதைப் படித்ததும், ‘தூளியை ஆட்டிக்கொண்டே எழுதியிருப்பாளோ!’ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அது மேரியின் முதல் குழந்தை இல்லை. அதற்கு முந்தின வருஷம், 1815 பிப்ரவரியில், குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் இறந்துவிட்டது. பேர் வைக்கவில்லை. சில நாள் கழித்து மேரி தன் டைரியில் ஒரு கனவை எழுதி வைத்தாள்: குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது; நெருப்பின் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

கிரைண்டரை நிறுத்திவிட்டு அழுதேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால், கடல் கடந்த தேசத்தில் ஒருத்தி கண்ட கனவு. அதே கனவை நான் எத்தனை ராத்திரி கண்டிருக்கிறேன்!

அதற்குப் பிறகு கதையே வேறாகத் தெரிந்தது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பேர் அல்ல. அதை உண்டாக்கிய விஞ்ஞானியின் பேர். அந்த ஜீவனுக்கு, பாவம், பேரே கிடையாது. உயிர் கொடுத்தவன், அது கண் திறந்ததுமே அருவருத்து ஓடிப்போகிறான். தூக்க ஆளில்லை, பேச்சு சொல்லித்தர ஆளில்லை. அன்புக்கு ஏங்கி ஏங்கித்தான் அது கொடூரமாகிறது. மற்றவர்கள் இதை விஞ்ஞானத்தின் விபரீதம் என்பார்கள். ஒரு தாய் படித்தால், பெற்றுவிட்டுப் பொறுப்பேற்காமல் ஓடின அப்பனின் கதை!

குறையும் சொல்லிவிடுகிறேன். வட துருவத்துக்குப் போகிற ஒரு கப்பல்காரனின் கடிதங்களோடு கதை மெள்ள ஆரம்பிக்கிறது. பொறுமை வேண்டும். நடுவில் மலையும் பனியும் வர்ணனையாக வந்துகொண்டே இருக்கும். நான் சிலவற்றைத் தாண்டினேன்; பாவமில்லை.

கை கழுவச் சொன்ன டாக்டர்

மேரியின் அம்மாவும் எழுத்தாளர்தான். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்று பேர். பெண்களின் உரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதியவர். 1797-ல் இந்தப் பெண்ணைப் பெற்ற பதினோராம் நாள் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார். அதென்ன காய்ச்சல் என்று தெரிந்துகொள்ளத்தான் பிரசவ மருத்துவத்தின் சரித்திரத்தைத் தேடி எடுத்தேன்.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் இருந்த பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள்! அங்கே சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம். செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் யோசித்துப் பார்த்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருகிறார்கள். கோளாறு அங்கேதான் என்று கண்டுபிடித்தார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டளை போட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்த இடத்தில், ஜூனில் இரண்டு பேர்தான்.

உடனே கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ‘எங்கள் கை அசுத்தமா?’ என்று பெரியவர்களுக்குக் கோபம். 1865-ல் ஒரு மனநோய் விடுதியில் செத்துப்போனார் அந்த மனுஷர். கிருமிதான் காரணம் என்று உலகம் ஒப்புக்கொண்டது பிறகுதான். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களிடம் “கையைக் கழுவிட்டு வாங்க” என்று சொல்ல நான் இனிமேல் கூச்சப்படவே மாட்டேன்.

என் அபிப்பிராயம்: தேதிகளும் பேர்களும் அதிகம், தூக்கம் வரும். ஆனால் அடுப்படியில் ஒட்டி வைக்க வேண்டிய சரித்திரம்.

தங்கைக்காக ஒரு ஆஸ்பத்திரி

ஐந்தாவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை வரலாறு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பையன்கள் படித்த காலேஜில் இடம் கேட்டு வாங்கிப் படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர். சாரதா சட்டம் வருவதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். ரொக்கையா கதையில் கண்டதை இவர் சட்டசபையில் பேசினார்! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை மனசில் வைத்திருந்து, வருஷக் கணக்கில் அலைந்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்க வைத்தார்.

புத்தகத்தில் அவர் பட்ட சிரமங்களைவிட வாங்கிய பதவிகளுக்கு அதிகப் பக்கம் போய்விட்டது என்பது என் மனக்குறை. அந்தத் தங்கையைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் இருந்திருக்கலாம்.

கீரை ஆயும் கை நின்றது

ஐந்தையும் முடித்தபோதுதான் வீட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ரொக்கையாவோ, மேரியோ, முத்துலட்சுமி ரெட்டியோ... யாரும் மறந்துவிடவில்லை. இழந்ததை மனசில் வைத்துக்கொண்டே ஒருத்தி கதை எழுதினாள், ஒருத்தி பள்ளிக்கூடம் நடத்தினாள், ஒருத்தி ஆஸ்பத்திரி கட்டினாள். நடக்காத கதை என்பது ‘இப்படி இருந்திருக்கக் கூடாதா’ என்ற ஏக்கம். சரித்திரம் என்பது அந்த ஏக்கத்தில் எவ்வளவு பலித்தது என்ற கணக்கு. நம் நாட்டில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129, ஒரு வயது முடியும் முன்பே இறந்தன. 2020-ல் அது 28. கனவு முழுசாகப் பலிக்கவில்லை; ஆனால் பலித்துக்கொண்டிருக்கிறது.

மேரியின் டைரிக் கனவை ஒருநாள் அத்தையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“எனக்கும் ஒண்ணு போச்சும்மா” என்றார். “உன் வீட்டுக்காரனுக்கு முன்னால. பொண்ணு. இருபது நாள் இருந்துச்சு. தலை நிறைய முடி.”

கல்யாணமாகிப் பத்து வருஷம். ஒரே வீட்டில் இருக்கிறோம். இன்றுவரை எனக்குத் தெரியாது! என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

“ஏன் அத்தை சொல்லவே இல்ல?”

“யார் கேட்டா? மறந்துடுன்னாங்க. சரின்னுட்டேன்.” பிறகு, தலை நிமிராமலே கேட்டார்: “உன் பையனுக்கு என்ன பேர் வைக்கணும்னு நினைச்சிருந்தே?”

ஆறு வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி. சொன்னேன். “நல்ல பேரு” என்றார். அவர் தன் பெண்ணுக்கு நினைத்து வைத்திருந்த பேரையும் சொன்னார். அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் தீய்ந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்த யாராவது குழந்தையை இழந்திருந்தால் ‘மறந்துடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவள் பேசினால் கேளுங்கள். பிரசவமான பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் தூக்கமின்மையும் பயமும் விடாமல் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். அது பைத்தியமும் இல்லை, வேஷமும் இல்லை.

அப்புறம், தினம் இருபது பக்கம் படியுங்கள். புரியாத வார்த்தையைத் தாண்டிப் போங்கள். கதை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது கிரைண்டர் ஓடும்போது யாரும் படிப்பதில்லை. ஓடி முடிந்த பிறகுதான் படிக்கிறோம். அத்தைக்குக் காது கேட்க வேண்டுமே! அடுத்த புத்தகம் என்ன என்று நேற்றே கேட்டுவிட்டார்.